பழமையான ஊரைச் சுற்றி மலை சைக்கிள்: பாதையைப் படிப்பது முதல் திரும்பி வருவது வரை

மலை சைக்கிளுக்கென்றே வெட்டிய பாதையில் ஒவ்வொரு வளைவையும் சக்கரத்தை மனத்தில் வைத்து அமைத்திருப்பார்கள். பழைய ஊர்களைச் சுற்றி ஓடும் பாதைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. மாட்டு வண்டிக்கு, பொதி சுமந்த கோவேறு கழுதைக்கு, பீரங்கி இழுத்த படைக்கு, நடந்தே கும்பிடப் போனவர்களுக்கு, வாய்க்கால் காவலருக்கு என்று ஒவ்வொன்றும் வேறொருவருக்காக வெட்டியது. அதனால் "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பதற்கு முன் "இது யாருக்காக வெட்டிய பாதை?" என்று கேளுங்கள். சரிவு, அகலம், வளைவு, தரை நான்குக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பாதையின் பிறப்பைப் பார்ப்பது

வண்டிப்பாதை என்றால் சரிவு மிதமாக இருக்கும். சுமையேற்றிய வண்டியைச் செங்குத்தில் இழுக்க எந்த மாட்டாலும் முடியாது. சிக்கல் வேறு இடத்தில். இரு பக்கமும் சக்கரங்கள் அறுத்த பள்ளம், நடுவில் புல் மேடு. பள்ளத்துக்குள் ஓட்டினால் கீழே இருக்கும் பெடல் மேட்டில் இடிக்கும். பள்ளத்திலிருந்து சாய்வாக ஏறி வெளியே வர முயன்றால் முன்சக்கரம் பக்கச் சுவரில் வழுக்கும், விழுவது நிச்சயம். ஓடும் கோட்டை முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். மாறித்தான் ஆக வேண்டுமென்றால், பள்ளம் ஆழம் குறையும் இடம் வரை பொறுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி ஓரளவு நேராக வெளியே எடுங்கள். மென்பாறை நிலங்களில் இத்தகைய பாதைகள் நூற்றாண்டுக் கணக்கில் அரைபட்டு, இரு கரையும் தலைக்கு மேல் நிற்கும் அளவுக்கு ஆழ்ந்திருக்கும். அங்கே வெயில் இறங்காது. மழை நின்று நாள்கள் ஆன பிறகும் அடியில் சேறும் அழுகிய இலையும் கிடக்கும்.

கோவேறு கழுதைப் பாதைதான் மலை சைக்கிளுக்கு மிகச் சுவையானது, மிகக் கடினமானதும் அதுவே. அகலம் ஒன்றிரண்டு மீட்டர், ஓரத்தில் காரையில்லாமல் அடுக்கிய கல்சுவர், கொண்டை ஊசி வளைவுகள், உயரம் குறைந்து நீளம் கூடிய படிகள். கழுதையின் குளம்பு பிடிக்க வேண்டுமென்று கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திப் பதித்திருப்பார்கள். மழைநீரை வெளியே தள்ள, பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல்வரி. இந்த வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறது.

படைக்காக வெட்டிய மலைச்சாலைகள் நீண்டவை, சரிவு சீரானவை. பீரங்கியும் பொதிவண்டியும் போக வேண்டியிருந்ததால் வளைவுகளை அடுக்கடுக்காகப் போட்டுச் சரிவைக் குறைத்தார்கள். இத்தாலி–பிரான்ஸ் எல்லையில் லிமோனே, மோனேசி ஊர்களுக்கு இடையே ஓடும் பழைய உப்புச் சாலை இதற்கு நல்ல உதாரணம்: கல்லும் மண்ணுமாக, ஏறக்குறைய 1,800 முதல் 2,100 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டை ஒட்டியே போகும். கைவிட்ட ரயில் தடமோ அதைவிட எளிது, சரிவு பெரும்பாலும் 2–3 சதவீதத்தைத் தாண்டாது. அதில் சலிப்புத் தட்டும், உண்மைதான். ஆனால் நாளின் முடிவில் களைத்த கால்களோடு ஊர் திரும்ப அதைவிட நல்ல வழி கிடையாது. சுரங்கம் இருந்தால் விளக்கு கட்டாயம்.

கும்பிடப் போகும் பாதைகள் நேரே மேலே ஏறும், படிக்கட்டாகவே முடியும். அவற்றில் நடப்பவர்களும் அதிகம். விட்டுவிடுங்கள். வாய்க்கால் ஓரப் பாதை வரைபடத்தில் சமமாகத் தெரிந்து ஆசை காட்டும். நேரில் போனால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு, நடுவே ஓரடி அகலம். இன்றைய மலை சைக்கிளின் 780 மில்லிமீட்டர் ஹேண்டில்பாருக்கு அது இடமல்ல.

சில ஊர்களில் எல்லா வகையும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைக்கும். இத்தாலியின் ஃபினாலே லிகூரேயில் மதில் சூழ்ந்த இடைக்காலக் குடியிருப்பு, கழுதைப் பாதைகள், கடலை நோக்கி இறங்கும் காட்டு ஒற்றையடிப்பாதைகள் மூன்றும் உண்டு. பக்கத்துப் போன்ச்சி பள்ளத்தாக்கில், கி.மு. 13இல் அகஸ்டஸ் காலத்தில் போட்ட யூலியா அகுஸ்டா சாலையின் ரோமானியப் பாலங்கள் இன்னும் நிற்கின்றன.

அனுமதி

பாதை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகச் சைக்கிளுக்கு அனுமதி இருப்பதாகிவிடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் ஓட்டும் உரிமையை 1968 கிராமப்புறச் சட்டம் தந்தது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்பது அதிலேயே உள்ள நிபந்தனை. நடைபாதை என்று குறித்த வழியில் அந்த உரிமை இல்லை. ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் போகலாம். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் காட்டுக்குள் 2 மீட்டருக்குக் குறைந்த பாதையில் ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் வில்டர்னெஸ் (இயற்கை நிலையிலேயே காக்கும் காட்டுநிலம்) என்று அறிவித்த கூட்டாட்சி நிலங்களுக்குள் சைக்கிளுக்கு இடமே இல்லை. ஆகவே வரைபடத்தை விரிக்கும் முன் அந்த இடத்து விதியைப் பாருங்கள். அகழாய்வு நடக்கும் மேடு, கோட்டை மதிலின் மேல்தளம், பழைய கல்லறை நிலம் ஆகியவற்றில் பலகை இல்லாவிட்டாலும் சக்கரம் ஏறக் கூடாது.

வரைபடத்தில் சரிவைக் கணக்கிடுவது

1:25,000 அளவுள்ள வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். சமஉயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் இருந்தால், பாதையின் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அது வெட்டும் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் 8 சதவீதம், உட்கார்ந்தபடியே ஏறலாம். மூன்று என்றால் 12, மூச்சு வாங்கும். ஐந்து என்றால் 20 சதவீதம். கெட்டியான தரையிலேயே பலருக்கு முடியாது, உதிரிக்கல்லில் யாராக இருந்தாலும் தள்ளத்தான் வேண்டும். இறங்கும்போது அதே 20 சதவீதம் இன்பமாக இருக்கும். எனவே வட்டப் பயணத்தின் திசையைக் கோடுகளே முடிவு செய்யட்டும்: வண்டிப்பாதையில் ஏறி, கழுதைப் பாதையில் இறங்குங்கள். இதைத் தலைகீழாக்கிப் பாதி நாள் சைக்கிளைத் தோளில் சுமப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகளில் மலை சைக்கிளுக்கென 0 முதல் 6 வரை கடினத் தரம் உண்டு. 0 என்றால் தடையில்லாத மண்பாதை. 1இல் சிறு வேர், சிறு கல். 2இல் படிகளும் இறுகிய வளைவுகளும் தொடங்கும். 3இலிருந்து பெரிய பாறைகளும் குறுகிய கொண்டை ஊசி வளைவுகளும். தன்னார்வலர்கள் இட்ட குறிப்பு என்பதால் பல பாதைகளுக்குத் தரமே இருக்காது. தரம் இல்லையென்றால் எளிது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலை சைக்கிள் பூங்காக்களில் கடினத்தைக் காட்டும் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு நிறங்களும் ஊருக்கு ஊர் பொருள் மாறுபவை.

நேரக் கணக்கு இப்படி. ஏற்றத்துக்குத் தூரத்தை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் எடுங்கள்: நடுத்தர உடல்வலு உள்ளவருக்கு மணிக்கு 400 மீட்டர் உயரம். மற்றதற்கு மணிக்கு 12 கிலோமீட்டர். மொத்தம் 28 கிலோமீட்டரில் 10 கிலோமீட்டர் ஏற்றம், உயரம் 700 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏற 1 மணி 45 நிமிடம், மீதி 18 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி. இதோடு கதவு திறப்பது, தள்ளுவது, வழி தேடுவது எல்லாவற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முடியும்படி கிளம்புங்கள். ஆழ்ந்த பள்ளப்பாதைக்குள் இருட்டு சீக்கிரமே வந்துவிடும்.

சைக்கிளை அமைப்பது

இவ்வகைப் பாதைக்கு 130–150 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கும் அமைப்பு) போதும். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளிலும் ஓட்டலாம். வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 170 மில்லிமீட்டர் எல்லாம் ஏற்றத்தில் தண்டனை.

சஸ்பென்ஷனில் காற்று அடிக்கும்போது, சவாரிக்கான எல்லா உடைமைகளோடும் ஏறி நின்று அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், அமுங்கக்கூடிய மொத்த நீளத்தில் 15–20 சதவீதம், பின்பக்கம் 25–30 சதவீதம். 140 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால் 20 சதவீதம் 28 மில்லிமீட்டர். மீளும் வேகத்தை மிக மெதுவாக வைத்தால், வரிசையான படிகளில் ஒரு படிக்கு அமுங்கிய ஃபோர்க் அடுத்த படிக்குள் விரியாது. நான்கைந்து படி இறங்குவதற்குள் அடியோடு அமுங்கி, ஹேண்டில்பாருக்கு மேலாக உங்களைத் தள்ளும். படிகள் நிறைந்த பாதைக்கு வழக்கத்தைவிட இரண்டு சொடுக்கு வேகமாக வைத்துச் சோதியுங்கள்.

அதிகம் பிழையாவது டயர் காற்றில்தான். 75 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல ட்யூப்லெஸ் டயர், மண்பாதை என்றால் முன்பக்கம் 21–23 பிஎஸ்ஐ, பின்பக்கம் 24–26. கல் பாவிய தெருவும் படியும் அதிகம் என்றால் இரண்டிலும் 2–3 கூட்டுங்கள். மண்ணில் நன்றாகப் பிடிக்கிறதே என்று காற்றைக் குறைத்தே வைத்திருந்தால், படியின் கூர்முனையில் டயர் முழுதும் அமுங்கி ரிம் கல்லில் மோதும். ட்யூப் உள்ள டயரில் அந்த மோதல் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டைகளைப் போடும். ட்யூப்லெஸ்ஸில் ரிம் நெளியும். ட்யூப் போட்டிருந்தால் 28–32க்குக் கீழே இறக்காதீர்கள். 29 அங்குல ட்யூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் அடைப்புத் திரவம் 90–120 மில்லிலிட்டர் வேண்டும். சில மாதங்களில் அது உலர்ந்துவிடும். டயரைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், தளும்பல் கேட்கவில்லையென்றால் உள்ளே ஒன்றுமில்லை.

முன்பக்கம் 32 பல், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் 51 பல் என்றால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் 10 சதவீதச் சரிவில், ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால், கால்கள் ஏறக்குறைய 175 வாட் தர வேண்டும். 15 சதவீதத்தில் 250 வாட். மிதிப்பவர் எங்கே இறங்கித் தள்ளுவார் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

கிளம்பும் முன்: பிரேக் பேடில் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் மாற்றுங்கள். 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் திருகுகளை அதில் அச்சிட்ட அளவுக்கே, பொதுவாக 5 நியூட்டன் மீட்டர், இறுக்குங்கள். பிரேக்கில் தாது எண்ணெய் ஊற்றுவது ஒரு வகை, டாட் திரவம் ஊற்றுவது இன்னொரு வகை. ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் கெட்டுவிடும்.

கையில் இருக்க வேண்டியவை:
- ட்யூப் ஒன்று (ட்யூப்லெஸ் டயராக இருந்தாலும்), ட்யூப்லெஸ் ஓட்டையில் செருகும் அடைப்புத் திரி, டயர் நெம்பி இரண்டு, பம்ப்
- செயின் பிரிக்கும் பகுதியுள்ள பல வேலைக் கருவி, உங்கள் செயினுக்கேற்ற இணைப்புக் கண்ணி
- பின் கியர் தொங்கும் ஹேங்கர், உங்கள் சைக்கிள் சட்டகத்துக்குரியதே
- பிளாஸ்டிக் கட்டுப்பட்டை நான்கு, துணி ஒட்டுநாடா சிறிது, டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்கத் தடித்த பிளாஸ்டிக் துண்டு
- முதலுதவிப் பொதி, விளக்கு, விசில்
- மணிக்கு 500–750 மில்லிலிட்டர் தண்ணீர், மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து தரும் தீனி

ஹேங்கர் சின்ன அலுமினியத் துண்டு. பாறையில் மோதினால் கியருக்குப் பதிலாகத் தான் உடைவதற்கென்றே செய்தது. அது கையில் இல்லாமல் நடந்து திரும்பியவர்கள் எண்ணற்றோர்.

ஏறுவது

சீட்டின் முனைக்கு நகர்ந்து உட்காருங்கள், முழங்கைகளைத் தாழ்த்துங்கள், மார்பு ஹேண்டில்பாரை நோக்கி இறங்கட்டும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து உதிரிக்கல்லில் வெறுமனே சுழலும். கொண்டை ஊசி வளைவில் வெளியோரமாகவே போங்கள். உள்ளோரம் தூரம் குறைவு, சரிவு அதிகம். செங்குத்து தொடங்கும் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பாரம் ஏறிய பின் மாற்றினால் செயின் முறுகி அறுவது அப்போதுதான்.

இறங்குவது

சீட்டை முழுதும் தாழ்த்துங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுத் தாழ, எடை முழுதும் பாதத்தில், கைகள் இலகுவாக. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அச்சு தரையிலிருந்து சுமார் 340 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, 170 மில்லிமீட்டர் கிராங்க் கீழே தொங்கினால் இடைவெளி பாதியாகிவிடும். படியில் பெடல் இடித்து விழுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

படிகளில் நடைவேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உருள வேண்டும். மிக மெதுவாகப் போனால் ஒவ்வொரு படியிலும் முன்சக்கரம் நின்று நின்று இறங்கும். அப்படி நிற்கும்போதுதான் ஆள் முன்னால் போவது. முன் பிரேக்கைப் படியின் தட்டையான பகுதியில் பிடித்து, சக்கரம் விளிம்பைத் தாண்டும் கணத்தில் விடுங்கள். பயத்தில் பின்னால் போய்ச் சீட்டுக்குப் பின்னே தொங்குவது பலரிடமும் உள்ள பழக்கம். முன்சக்கரத்தில் எடை இல்லாமல் போய் அது திரும்பவும் மறுக்கும், பிரேக்கும் பிடிக்காது. இடுப்பு பெடலுக்கு நேர் மேலே இருந்தால் போதும். கண் நான்கைந்து படி முன்னால் இருக்கட்டும்.

இப்போது அந்தக் கல்வரி. பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடப்பதால், நேரே போகும் சக்கரம் அதன் மேல் கோணத்தில் ஏறும். ஈரமாக இருந்தால் வரியை ஒட்டியே வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போய்விடும். வரிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பாதையின் ஓரத்துக்கு நகர்ந்து, வரியைச் செங்கோணத்தில் தாண்டும்படி திரும்புங்கள். தாண்டும் கணத்தில் பிரேக்கும் திருப்பமும் கூடாது. வேர், மரப்பாலத்தின் பலகை, இரும்புச் சல்லடை மூன்றுக்கும் இதே முறை.

கல்லின் சாதியும் முக்கியம். கருங்கல் ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும். காலடி பட்டு மெருகேறிய சுண்ணாம்புக்கல் நனைந்தால் கண்ணாடி. மணற்பாறை நனைந்தால் வலுவிழந்து விளிம்புகள் உடையும். உங்களுக்கு மட்டுமல்ல, பாதைக்கும் கேடு. மழைக்குப் பிறகு சக்கரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடம் பதித்தால் திரும்பிவிடுங்கள். அந்தத் தடத்தில் அடுத்த மழைநீர் ஓடி ஓடையாக்கிவிடும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே வருவது பேடைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கிப் பிடிப்பைக் கெடுக்கும் வழி. 90 கிலோ எடை 700 மீட்டர் இறங்கினால் சுமார் 618 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். மெதுவாகப் போனால் காற்று அதிகம் வாங்கிக்கொள்ளாது, பெரும்பகுதி பிரேக் தட்டில்தான் வெப்பமாகும். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முழுதும் விட்டுத் தட்டு ஆற விடுங்கள், மறுபடி பிடியுங்கள். லீவர் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் நிறுத்திப் பத்து நிமிடம் ஆற வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் தட்டு நெளியும். இது இந்த விளையாட்டின் பிறப்பிலேயே உள்ள தொல்லை: கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைப்பக்கம் 1976இல் தொடங்கிய மண்சாலைப் பந்தயத்துக்கு ரீபேக் (மறுபடி அடைப்பது) என்று பெயர் வந்ததே, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோய்ப் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால்தான்.

வழியில் சந்திப்பவர்கள்

நடப்பவர் கண்ணில் படும் தூரத்திலேயே மணியடித்து அல்லது குரல் கொடுத்து, நடைவேகத்துக்கு வாருங்கள். குதிரை வந்தால் இறங்கி, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்று பேச்சுக் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் அது அமைதியாகும். மேய்ச்சல் நிலத்துக் கதவு திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே விட்டுப் போங்கள். மந்தை நாய் பாய்ந்தால் இறங்கி, சைக்கிளை இருவருக்கும் நடுவே வைத்து, மந்தையை விட்டு மெல்ல விலகுங்கள். வேகமாக ஓட்டித் தப்பலாம் என்பது பெரும்பாலும் நடக்காது. காரையில்லாத கல்சுவரின் மேல் சைக்கிளை ஏற்றிக் கடக்க வேண்டாம், ஒரு கல் பெயர்ந்தால் பக்கத்துக் கற்களும் சரியும்.

கோளாறும் விபத்தும்

ட்யூப்லெஸ் டயரில் ஓட்டை என்றால் முள்ளை உடனே பிடுங்காதீர்கள். திரியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பிடுங்கி, உடனே செருகி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காற்று அடியுங்கள். பக்கச் சுவர் கிழிந்திருந்தால் திரி நிற்காது. டயரை ஒரு பக்கம் கழற்றி, வால்வை எடுத்து, உட்புறம் முழுதும் விரலால் தடவி மிச்ச முள்ளைத் தேடுங்கள். இதை விட்டால் புது ட்யூபும் ஐந்து நிமிடத்தில் போகும். கிழிசலுக்கு உள்ளே பிளாஸ்டிக் துண்டை வைத்து, இலேசாக ஊதிய ட்யூபைப் போட்டு, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்வில் முடியுமாறு டயரை ஏற்றுங்கள்.

ஆள் விழுந்து தலையில் அடிபட்டு, குழப்பமாகப் பேசினாலோ வாந்தி எடுத்தாலோ சவாரி அத்தோடு முடிந்தது. ஓட்ட விடக் கூடாது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112. பாதையின் பெயரைவிட, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைச் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் விசிலால் நிமிடத்துக்கு ஆறு முறை ஒலி, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. இது மலைகளில் அறியப்பட்ட உதவிக் குறி.

ஊருக்குள் திரும்பியதும்

நுழைவாயிலிலேயே இறங்கித் தள்ளுங்கள். பழைய தெருவின் வாசற்படிகள் நேரே தெருவில் இறங்கும். வெளியே வருபவருக்குச் சைக்கிள் வரும் சத்தம் கேட்காது. சேறு பிடித்த டயரைச் சுண்ணாம்புச் சுவரில் சாய்க்க வேண்டாம்.

கழுவும்போது உயர் அழுத்த நீரைச் சக்கர அச்சு, பெடல் அச்சு, சஸ்பென்ஷன் இணைப்புகள் பக்கம் காட்டாதீர்கள், கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். செயினைத் துணியால் உலர்த்திய பின்பே எண்ணெய் இடுங்கள், கண்ணிக்கு ஒரு சொட்டு, மீதியைத் துடைத்துவிடுங்கள். தெளிப்பு எண்ணெய் பிரேக் தட்டில் பட்டால் பேடும் வீணாகும். ஃபோர்க்கின் குழாயில் கல் கீறியிருக்கிறதா, டயரின் பக்கச் சுவரில் நூல் தெரிகிறதா, ரிம்மில் நெளிவு உண்டா என்று சக்கரத்தைச் சுழற்றி ஒருமுறை பாருங்கள். பின் ரிம்மில் புது நெளிவு தெரிந்தால் அடுத்த முறை பின்பக்கம் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.